கடுகின் சத்தம்

வீட்டில் என் கணவர் வாய் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். காரில் ஏறிவிட்டால் ஆளே வேறு.

வீட்டில் இப்படித்தான் நடக்கும். சமையலறையிலிருந்து, "என்னங்க, நாளைக்கு உங்களுக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்பேன். பதில் வராது. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இன்னொரு முறை கேட்பேன். அதற்கும் வராது. கடைசியில் ஈரக் கையோடு போய் எதிரே நின்றால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "என்ன? எதுக்கு இப்படி முணுமுணுக்கிறே?" என்பார். இதே மனிதர், பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய அக்கா வாசலில் நின்று "டேய்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், செய்தித்தாளை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவார். அக்கா என்றால் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பாசத்தில் எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாமே என்றும் நினைப்பேன்.

காரில் எல்லாம் தலைகீழ். சாவியைத் திருகி, என்ஜின் ஒருமுறை குலுங்கிப் பிடித்து, தெருமுனை தாண்டியதும் ஆரம்பித்துவிடுவார். அவர் ஒரு பெரிய அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். எந்த மெஷினில் தாள் சிக்கியது, ஒரு புத்தகத்தில் பதினாறு பக்கம் தலைகீழாக அச்சாகி யாருமே கவனிக்காமல் தைக்கப் போனது எப்படி, எல்லாம் வரும். நான் கேட்பதற்குப் பதில் வரும். என்னைக் கேள்வியும் கேட்பார். நான் சொன்ன ஜோக்குக்குச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேலையும் இல்லாமல் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போய் வருவோம். கல்யாணமான புதிதில் என்னோடு பேசிப் பேசி ஓயாத அந்த ஆள், இப்போது அந்த நான்கு கதவுகளுக்குள் மட்டும்தான் குடியிருந்தார். அந்த வண்டி போய்விட்டால் அவரும் போய்விடுவார் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அதனால்தான் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன்.

வண்டியின் பெயர் கடுகு. எங்களுக்கு முன்பே இரண்டு குடும்பங்களைப் பார்த்துவிட்டு வந்த சின்ன கார். வாங்கும்போது கடுகு நிறம் என்றார்கள். வெயிலில் நின்று நின்று இப்போது அது எந்த நிறம் என்று கடவுளுக்கே தெரியாது. அண்ணி, அதாவது என் கணவருடைய அக்கா, அதைத் "தகர டப்பா" என்பார். சொல்லிவிட்டுத்தான் பின் சீட்டில் ஏறுவார். ஏறாமல் இருந்ததில்லை.

பழைய சின்ன வண்டியின் சுகம் என்ன தெரியுமா? பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். புது வண்டியைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் நம்மைப் பார்த்து முறைக்கும். கடுகில் அப்படி இல்லை. பிளக்கை நானே கழற்றித் துடைத்துப் போடலாம். பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தே தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். அதன் என்ஜினுக்கு மூன்றே சிலிண்டர். நான்கு பேர் தூக்க வேண்டிய கட்டிலை மூன்று பேர் தூக்கிக்கொண்டு போனால் எப்படி ஒரு பக்கம் ஆடும்? அப்படித்தான் நிற்கும்போது ஆடும். கெட்டுப்போனதால் ஆடுகிறது என்று பலர் பயப்படுவார்கள். அதன் சுபாவமே அதுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். பெரிய கூடம் நிறைய மெஷின்கள் ஓடும்போது அதில் எது சரியில்லை என்று நடந்துபோகும்போதே காதில் விழுந்துவிடும். அந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு விதிதான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஊசி, நூல், இறுக்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு மெஷின் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாது. நாளைக்கு அதே கோளாறு வந்து நிற்கும்போது திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான்.

என் பையில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் எப்போதும் இருக்கும். திருகுவதற்கு அதைப் பயன்படுத்துவது குறைவு. அதன் முனையை ஓடுகிற என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினால், உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். காற்றில் வரும் சத்தம் சிதறிக் கலந்து வரும். இரும்பின் வழியே வருவது நேராக வரும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதைப் போலத்தான்.

கடுகில் எனக்கு இருந்த ஒரே குறை, என் கணவருடைய குரல். மெஷின் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் கத்திப் பேசுவார்கள் என்பார்கள். இவர் குரலோ வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வந்தது. வண்டியின் இரைச்சலில் அவர் சொல்வதில் பாதி என் காதில் விழாது. "என்னங்க? என்னங்க?" என்று கத்திக்கொண்டே வருவேன். பாதி கேட்கும்போதே இவ்வளவு நன்றாக இருக்கிறதே, முழுதாகக் கேட்டால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை வந்தது. வண்டியின் சத்தங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவரிடம் சொல்லவில்லை. பரிசு என்றால் சொல்லிவிட்டா கொடுப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டேன். முதலில் அடியில் சலசலவென்று அடித்துக்கொண்டிருந்த தகடு. புகைக்குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுக்கும் மெல்லிய தகடு அது. போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. ஒரு வளையக் கிளிப்பைச் சுற்றி இறுக்கியதும் வாயை மூடிக்கொண்டது. அடுத்தது கதவு ரப்பர். இறுகிக் கல்லாகிப் போயிருந்ததால் காற்று விசில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. நான்கு கதவுக்கும் புதிதாக ஒட்டினேன்.

அதற்கடுத்து வேகமாகப் போகும்போது 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். இது சக்கரத்து பேரிங். எந்தப் பக்கத்து பேரிங் என்று கண்டுபிடிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வண்டி வலது பக்கம் வளையும்போது பாரமெல்லாம் இடது சக்கரத்தில் விழும். அப்போது முனகல் கூடினால் குற்றவாளி இடது. நான் அவரை ஒரு காலி மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னேன். பின் சீட்டில் அண்ணி.

"டேய், உன் பொண்டாட்டி வண்டிக்கு வைத்தியம் பாக்கறாளா, எனக்கு வாந்தி வர வைக்கறாளா?"

"இடதுதான் அண்ணி! கேக்குதா?"

"என் வயிறு கேக்குது!"

இடது பேரிங்கை மாற்றினோம். பிறகு என்ஜினைத் தாங்கும் ரப்பர்கள். அவற்றை மாற்றியதும் கட்டில் தூக்குகிறவர்களுக்குத் தோளில் துணி மடித்து வைத்தது போல ஆயிற்று. ஆட்டம் இருந்தது, அதிர்வு உள்ளே வரவில்லை.

இந்த வாரங்களில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. கதவு ரப்பர் ஒட்டிய வாரம் அவர் பேச்சு கொஞ்சம் குறைந்தது. களைப்பு என்று நினைத்தேன். பேரிங் மாற்றிய வாரம் இன்னும் குறைந்தது. அச்சகத்தில் ஏதோ பிரச்சினை என்று நினைத்தேன். என்ஜின் ரப்பர் மாற்றிய பிறகு, நான் இரண்டு முறை கேட்டால் ஒரு பதில் என்று ஆகிவிட்டது. ஒரு மெஷினில் இப்படி நடந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். மனிதர் என்றதும் மனசு வேறு வழியில் போய்விடுகிறது.

கடைசியாக சைலன்சர். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று நிறையப் பேருக்குத் தெரியாது. பஞ்சு வைத்துச் சத்தத்தை அடைப்பதாக நினைப்பார்கள். உள்ளே இருப்பது துளை போட்ட குழாய்களும் சின்னச் சின்ன அறைகளும். சத்தம் ஓர் அறைக்குள் போய் முட்டித் திரும்பும்போது, பின்னால் வரும் சத்தத்தின் மேல் மோதும். ஒன்றை ஒன்று தின்றுவிடும். சத்தத்தை வைத்தே சத்தத்தை அடக்குகிற வித்தை. கடுகின் பழைய சைலன்சர் உள்ளே உளுத்துப்போய் அறைகளே இல்லாமல் ஓட்டை டின்னாகக் கிடந்தது. வெல்டரிடம் புதிது போட்டோம்.

"அக்கா, தொங்கவிடற ரப்பர் வளையம் பழசா இருக்கே, மாத்திடவா?" என்று வெல்டர் கேட்டார்.

இழுத்துப் பார்த்தேன். "இன்னும் தாங்கும். விடுங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவர் மட்டும் ஒரு வட்டம் போனோம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இன்டிகேட்டரின் 'டிக் டிக்' கூடக் கேட்டது. இந்த நிமிஷத்துக்காகத்தானே இத்தனை ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸோடு நின்றேன் என்று நினைத்துக்கொண்டு, அவர் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் ஆரம்பிக்கவில்லை. நான் தொழிற்சாலைக் கதை ஒன்றைச் சொன்னேன். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் தாண்டி, மரக்கடை தாண்டி, வளைந்து திரும்பி வருகிறவரை ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன்.

"என்கூட பேச உங்களுக்குப் பிடிக்கலையாங்க?"

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார். "பட்டு மாதிரி ஓடுது" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே அண்ணி ஒரு யோசனையோடு வந்தார். அண்ணிக்கு நூலகத்தில் வேலை. அங்கே "அமைதி!" என்று அவர் அதட்டுவதுதான் அந்தக் கட்டடத்திலேயே பெரிய சத்தம் என்று சொல்வார்கள். கூட வேலை பார்க்கிற ஒருத்திக்கு ஓட்டிப் பழக ஒரு சின்ன வண்டி வேண்டுமாம்.

"தகர டப்பாவை இப்பத்தான் தங்க டப்பா ஆக்கி வச்சிருக்கியே. இப்பக் குடுத்தாத்தான் மரியாதையா போகும். என்ன சொல்றே?"

ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். இப்போது அந்த நான்கு கதவுக்குள்ளும் யாரும் குடியிருக்கவில்லை. காலி வீட்டுக்கு எதற்குக் காவல்?

"குடுத்துடலாம் அண்ணி" என்றேன்.

"டேய்! கேட்டியா? கடுகை விக்கப் போறா!"

அவர் திரும்பினார். என்னையும் பார்த்தார், ஜன்னல் வழியே கடுகையும் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. "அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வண்டி மேல் அவ்வளவு பிரியம், என் மேல்தான் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் காட்டக் கிளம்பினோம். அவர் ஓட்டினார், பக்கத்தில் நான், பின்னால் அண்ணி. ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உயரமான வேகத்தடை. முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி காருக்கு அடியில் யாரோ டிராக்டரைக் கட்டிவிட்டது போல ஓர் உறுமல். நான் இன்னும் தாங்கும் என்று விட்ட அந்த ரப்பர் வளையம் அறுந்து, சைலன்சர் தொங்கி, முன் குழாயிலிருந்து கழன்றுவிட்டது. அறைகளுக்குள் போய் அடங்க வேண்டிய சத்தமெல்லாம் அப்படியே வெளியே வந்தது.

"சைலன்சர் கழண்டுருச்சு! ஓரமா நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"தெரியுது, தெரியுது. அந்த மரத்தடிக்குப் போயிடலாம். வளையம்தான் அறுந்திருக்கும். வெல்டர் அப்பவே சொன்னான், நீதான் கேக்கலே" என்றார். அதோடு நிற்கவில்லை. முதல் கியரில் ஊர்ந்துகொண்டே, "ஆமா, எதுக்கு இதை விக்கணும்ன்றே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

நான் அவர் வாயருகே காதைக் கொண்டுபோய்த்தான் இதைக் கேட்டேன். ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தார்! என் ஆள்!

"நான் கேட்டா நீங்க எங்க பதில் சொல்றீங்க!" என்று கத்தினேன்.

"எப்பக் கேட்டே? நீதான் இப்பல்லாம் வாயே தொறக்கறதில்லையே!"

"நானா? நானா வாய் தொறக்கறதில்லே?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க! ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க!" என்றார் அண்ணி, எங்கள் இருவரையும் என்ஜினையும் சேர்த்து அமுக்குகிற குரலில்.

மரத்தடியில் வண்டி நின்றது. அவர் சாவியைத் திருகினார். அமைதி. நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "தினமும்தான் கேக்கறேன். நீங்கதான் காதுலயே வாங்கறதில்லே" என்றேன்.

அவர் கண்ணாடி வழியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அரை நிமிஷம் முன்பு மல்லுக்கு நின்றவர் சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனது போல இருந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலையில் வருமே, அந்தக் குறுகுறுப்பு வந்தது. ஒரு சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது, அணைத்தால் நிற்கிறது. அப்படியென்றால் அந்தச் சுவிட்ச் எதோடு இணைந்திருக்கிறது?

"என்னங்க, கொஞ்சம் இறங்கி பின்பக்கம் குழாய் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று கை காட்டினேன். அவர் இறங்கிப் போய்க் குனிந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வீட்டில் பேசுகிற குரலில், "வளையம் மாட்டற கொக்கி உடைஞ்சிருக்கா?" என்றேன். பதில் இல்லை. அண்ணியைச் சாவியைப் போடச் சொன்னேன். என்ஜின் உறுமியது. "கொக்கி உடைஞ்சிருக்கா?" என்று கத்தினேன்.

"கொக்கி நல்லாத்தான் இருக்கு" என்றார், திரும்பாமலே.

"என்னடி பண்றே நடு ரோட்டுல? பரீட்சையா?" என்றார் அண்ணி.

"இருங்க அண்ணி. தப்புப் பண்ணிட்டேன். ஒரே நேரத்துல ரெண்டை மாத்திட்டேன்."

என்ஜினும் மாறியிருந்தது, என் குரலும் மாறியிருந்தது. ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். என்ஜினை அணைக்கச் சொன்னேன். அந்த அமைதியில், பக்கத்து மரத்துப் பறவையெல்லாம் எழுந்து பறக்கும்படி கத்தினேன். "கம்பி கட்டினா தாங்குமா?"

"தாங்கும். வீடு வரைக்கும் போயிடலாம்" என்றார் அவர், சாதாரணமாக.

பம்பரில் உட்கார்ந்துவிட்டேன். விஷயம் என்ஜினில் இல்லை. இரைச்சல் வந்தால் நான் கத்துகிறேன். இரைச்சல் போனால் மெல்லப் பேசுகிறேன். அவ்வளவுதான். சரி, அந்த இரைச்சல் அவருக்கும் இடைஞ்சல் செய்ய வேண்டாமா என்று கேட்பீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து என்ஜினும் அவருக்குக் கொஞ்சமாகத்தான் கேட்கும், என் குரலும் கொஞ்சமாகத்தான் கேட்கும். ஆனால் நான் என்ஜினை மிஞ்சிக் கத்துகிறேன். அதனால் சுவர் தாண்டியும் நான்தான் மிஞ்சி நிற்பேன். அச்சகத்தில் எல்லாரும் மெஷினை மிஞ்சிக் கத்துகிறார்கள். அண்ணி எதையும் மிஞ்சுவார். உலகத்தில் என் கணவரிடம் மெல்லப் பேசிய ஒரே ஆள் நான். அந்த ஓர் இடத்திலும் இருந்த இரைச்சலை, தகடு தகடாக, ரப்பர் ரப்பராக, என் கையாலேயே எடுத்திருக்கிறேன்.

எழுந்து போய் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினேன். உரக்கச் சொன்னேன். "உங்களுக்குக் காது சரியா கேக்கலைங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எதையெதையோ ஒன்றோடொன்று கோத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "காது போச்சா?" என்றார். பயந்த குழந்தையின் குரல். "மெஷின் ஓட்ட விடமாட்டாங்களே."

"இருங்க. எங்க போச்சுன்னு பாத்துடலாம்."

மெஷின் ஓடவில்லை என்றால் இரண்டு வகை உண்டு. மோட்டாரே போயிருக்கலாம். அல்லது மோட்டார் நன்றாக இருந்து, அசைவைக் கொண்டுபோகிற கம்பி எங்காவது சிக்கியிருக்கலாம். முதலாவது என்றால் கஷ்டம். இரண்டாவது என்றால் வழி இருக்கும். பையிலிருந்து நீள ஸ்குரூ டிரைவரை எடுத்துத் துடைத்தேன். என்ஜினைப் போடச் சொல்லி, முனையை அதன் தலையில் வைத்து, கைப்பிடியை அவர் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன்.

அவர் கண் விரிந்தது.

"ஏய்... உள்ள எல்லாம் கேக்குதே! 'தக் தக்'னு ஒண்ணு தட்டுது. இந்தப் பக்கம் இல்லே. நடு சிலிண்டர். கேக்குதா உனக்கு?"

நான் வைத்துக் கேட்டேன். எனக்கு உறுமல்தான் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டபோதுதான் அந்தத் தட்டல் பிடிபட்டது. நடு சிலிண்டரின் வால்வில் நூலளவு இடைவெளி கூடியிருந்தது. வெளி இரைச்சல் அவரைத் தொந்தரவு செய்யாததால் என்னைவிட அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. எலும்பு வழியே இவ்வளவு கேட்கிறது என்றால் காதின் மோட்டார் நன்றாக இருக்கிறது. கம்பிதான் எங்கேயோ சிக்கியிருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அண்ணி காரிலிருந்து இறங்கி வந்தார். அவர் மெல்லப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்டி. நான் பள்ளிக்கூடம் போற வயசுலயே கத்தினாத்தான் திரும்புவாங்க. வீட்டுல எல்லாரும், கவனம் இல்லாத பொம்பளைன்னு சொல்லிச் சொல்லி... நான்தான் அவங்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லுவேன். எனக்கு இந்தத் தொண்டை வந்தது அப்படித்தான்." தம்பியைப் பார்த்தார். "இவனும் அந்த ரத்தம்தானே. எனக்குத் தோணவே இல்லையே."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போனை எடுத்து, வாங்க இருந்தவளிடம் வண்டி இன்று வராது என்று சொன்னார். நாளைக்கும் வராது என்றார். அதைச் சொன்னபோது பழைய குரல் திரும்பியிருந்தது.

என்ஜினை அணைத்தோம். நான் சும்மா இருக்கவில்லை. ஸ்குரூ டிரைவரின் முனையில் என் கைக்குட்டையைச் சுற்றி, அதை என் தாடை எலும்பில் அழுத்தி வைத்துக்கொண்டேன். கைப்பிடியை அவர் காதுக்குப் பின்னால் வைத்தேன். பேசும்போது நம் எலும்பும் அதிர்கிறது அல்லவா? இரும்பு அதை எடுத்துப் போக வேண்டும்.

எங்கள் நடுவே முழங்கை நீளம்தான் இருந்தது. வீட்டுக் குரலில், அன்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டதை மறுபடியும் கேட்டேன்.

"என்கூட பேச உங்களுக்குப் பிடிக்கலையாங்க?"

அவர் கை மெல்ல வந்து ஸ்குரூ டிரைவரை, அதைப் பிடித்திருந்த என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"உனக்குத்தான் பிடிக்காம போச்சுன்னு நினைச்சேன். வீட்டுல பேச்சை விட்டுட்டே. சரி, வண்டியிலயாவது பேசறாளேன்னு இருந்தேன். அப்புறம் இங்கயும் நிறுத்திட்டே. அன்னிக்கு நீ வண்டியை விக்கணும்னதும், முடிஞ்சது, இனிமே அதுவும் இல்லேன்னு..." கைப்பிடியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். "இன்னும் ஏதாவது பேசேன்" என்றார்.

என்ன பேசினேன் என்று நினைவில்லை. அண்ணி மரத்தடியில் நின்று, வேண்டுமென்றே எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

காது டாக்டர் ஓர் இசைக் கவையைத் தட்டி முதலில் காதுக்கு வெளியே பிடித்தார், பிறகு அதே எலும்பில் வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, இது எங்கள் ஸ்குரூ டிரைவர்தானே! காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள் ஒன்றை ஒன்று தள்ளி, சத்தத்தை உள்ளே கொண்டுபோகின்றன. கடைசி எலும்பு, குதிரையில் ஏறக் கால் வைக்கும் அங்கவடி வடிவம், அரிசியில் பாதிகூட இருக்காது. அதுதான் உட்காரும் இடத்திலேயே இறுகிப்போயிருக்கிறதாம். துருப்பிடித்த கீல் மாதிரி. தன் குரல் மட்டும் எலும்பு வழியே உரக்கக் கேட்பதால்தான் அவர் இவ்வளவு மெல்லப் பேசுகிறாராம். சின்ன அறுவை சிகிச்சையில் அதன் இடத்தில் ஒரு நுண்ணிய பிஸ்டன் வைக்கலாம், பெரும்பாலும் நன்றாகவே வரும் என்றார்.

"என்னது வைப்பீங்க?" என்றார் என் கணவர்.

"பிஸ்டன்!" என்று நான் கத்தினேன்.

நீங்கள் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வழியெல்லாம், பார்க்கிறவர்களிடமெல்லாம், காதுக்குள் பிஸ்டன் வைக்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். "ஆயில் மாத்தறது உன் பொறுப்பு" என்றார் என்னிடம்.

சிகிச்சைக்கு முறை வரக் கொஞ்ச நாள் ஆகும். அதற்குள் கடுகின் வால்வு இடைவெளியைச் சரி செய்தேன். சைலன்சரையும் மாட்டினேன், புது வளையத்தோடு. "இப்பச் சரிக்கா" என்றார் வெல்டர். அண்ணிக்குத்தான் புரியவில்லை. "அப்படியே விட்டிருந்தா உங்களுக்கு வசதிதானே?" என்றார். வண்டி அமைதியாக இருந்தால்தானே அவருடைய மெல்லிய குரல் எனக்கு முழுதாகக் கேட்கும்? என் குரலை ஏற்றிக்கொள்ள எனக்கு என்ஜின் எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை சிக்னலில் நின்றோம். ஜன்னல்கள் திறந்திருந்தன. கடுகு நிற்பதே தெரியாமல் நின்றது. பக்கத்து வண்டிக்காரர் என் கணவரைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒரு பெண் புருஷனிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்? வார்த்தைகளைக் கவனித்திருந்தால் அவருக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்கும்.

என் கணவருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. "மெதுவாச் சொல்லேன்" என்றார். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது. "ஊரே கேக்குது."

"கேக்கட்டும்!" என்றேன்.